அம்பெனச் செல்லும் ஐவர்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



சென்ற கூட்டத்திலே நமது வாலிப அங்கத்தவர் சிலர் ஒரு விண்ணப்பம் செய்தார்கள். குழுவாகச் சேர்ந்து, ஒரு பகலும் ஓர் இரவும் துவிச்சக்கர வண்டியிலே நெடுந்தூரம் செல்லச் சங்கம் அநுமதி தரவேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். பெரியோர் சிலர் தயங்கினார்கள். "பகலிலே போகட்டும், இரவிலே எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இத்தகைய ஓட்டம் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஒரு தேசத்தின் அநுபவத்தை அறிந்த பின்பு முடிவு செய்வோம் என்று செயற்குழுவினர் கருதி, அதுபற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள்.

அத்தேசம் பிரான்ஸ். அந்த ஓட்டத்துக்குப் பெயர் "பிளேஷ் வெலோசியோ". பிளேஷ் என்றால் அம்பு. வெலோசியோ என்பது ஒரு மனிதர் பத்திரிகையில் எழுதுவதற்காகச் சூட்டிக்கொண்ட புனைபெயர். போல் த விவி என்பது அவருடைய இயற்பெயர். 1853ஆம் ஆண்டிலே, தென் பிரான்சிலுள்ள புரொவென்ஸ் பகுதியில் பிறந்தவர். சென்ற் எத்தியென் நகரிலே பட்டு வியாபாரம் செய்தார். துவிச்சக்கர வண்டியின்மேல் வந்த ஆசையினாலே பட்டைக் கைவிட்டு வண்டி வியாபாரத்தில் இறங்கி, 1887இல் அதற்கென்று ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். உண்பது மரக்கறி போசனம். இரவு முழுவதும் ஓடுவது அவருக்குச் சாதாரணம். ஆண்டுதோறும் ஈஸ்டர் காலத்திலே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, குளிர் நீங்காத மலைநாட்டிலிருந்து வெயில் காயும் புரொவென்சுக்கு ஓடிவருவார்.

மலையேறுவதற்குப் பற்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் முறை வேண்டும் என்று வாதாடியவர்களிலே முதன்மையானவர் இவர். 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெகிராஞ்ச் என்பவரோ, அப்படிப்பட்ட வசதியெல்லாம் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்று 1902இல் எழுதினார். (முன்வரிசையில் இருக்கும் பெரியோர்கள் மன்னிக்க, இதைச் சொன்னவர் அவரே, நான் அல்லன்.) ஆயினும் 1937இல் அதே பந்தயத்திலும் அவ்வசதி அநுமதிக்கப்பட்டது. வெலோசியோ அதைக் காணவில்லை. 1930இல், தாம் வாழ்ந்த நகரின் தெருவிலேயே, ட்ராம் வண்டி மோதி இறந்துபோனார். சென்ற் எத்தியெனுக்கு அருகிலுள்ள மலைக்கணவாயிலே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு.

அவர் நினைவாகப் பாரிஸ் நகரத்து 'ஒடாக்ஸ்' கழகத்தார் 1947இல் தொடங்கியதே இந்த அம்பு ஓட்டம். இன்றும் ஈஸ்டர் விடுமுறையில் நடைபெறுகின்றது. இதிலே எல்லாரும் ஓரிடத்திலிருந்து புறப்படுவதில்லை. ஒவ்வொரு குழுவும் தான் விரும்பிய ஊரிலிருந்து, தானே வகுத்த வழியிலே புறப்படும். ஒன்று வடக்கிலிருந்து வரும். இன்னொன்று மேற்கிலிருந்து வரும். எல்லா அம்புகளும் சென்று தைக்கும் இலக்கு ஒன்றுதான்: புரொவென்சிலே கூடும் அந்தப் பெருங்கூட்டம்.

இனி விதிகளைக் கேளுங்கள். ஒரு குழுவிலே மூன்று வண்டிக்குக் குறையவும் கூடாது, ஐந்துக்கு மேற்படவும் கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்துள் குறைந்தது 360 கிலோமீற்றர் செல்லவேண்டும். எந்த ஓரிடத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. இருபத்திரண்டாவது மணியிலே எங்கே நிற்கிறார்கள் என்பதைக் குறித்து, அதற்குப் பின்னும் 25 கிலோமீற்றராவது ஓடவேண்டும். பகலிலே பாய்ந்தோடித் தூரத்தை முடித்துவிட்டு, இரவிலே போர்த்துக்கொண்டு படுப்பவர்களை இந்தக் கடைசி இரண்டு விதிகளும் பிடித்துக்கொள்ளும்! வழியில் குறித்த இடங்களிலே கடைக்காரரிடமோ வேறொருவரிடமோ அட்டையில் முத்திரை பெறவேண்டும். நடுநிசியில் கடை பூட்டியிருந்தால் அவ்வூர்த் தபாற்பெட்டியிலே ஓர் அஞ்சலட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம்.

360 கிலோமீற்றர் என்றால் எவ்வளவு? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வீதிவழியாக ஏறக்குறைய 400. அதிலே சற்றுக் குறைவு. அம்மாடி என்கிறீர்களா? நாளொன்றுக்குள் என்று பிரித்துப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீற்றர்தான். விடியற்காலையில் நமது பாற்காரர் ஓடும் வேகம். ஆனால் பாற்காரர் வீட்டுக்கு வீடு நிற்பதுபோல இவர்களும் நிற்கிறார்களே, அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வீதம் மிதித்தால் பதினெட்டு மணி நேரம் மிதிக்கவேண்டும். மிச்சம் ஆறு மணி நேரம். ஐவரில் ஒருவருக்குத் தண்ணீர் வேண்டும். ஒருவருடைய ரயரில் முள் ஏறும். ஒருவர் சட்டை மாற்றுவார். ஒருவர் நின்றால் ஐவரும் நிற்பார்கள். இருபது நிமிஷ வீதம் பத்துத் தடவை நின்றாலே மூன்று மணி இருபது நிமிஷம் போய்விடும். ஆகவே ஒருவர் நிற்கும்போதே எல்லாரும் தத்தம் வேலையை முடித்துக்கொள்ளும் ஒழுங்கு வேண்டும். வெலோசியோ தம்மைப் பின்பற்றியவர்களுக்குச் சொன்ன புத்திமதிகளிலே முதலாவது, அதிகம் நிற்காதே, நின்றாலும் நெடுநேரம் நிற்காதே என்பதுதான்.

பசிக்குமுன் உண், தாகிக்குமுன் குடி என்பதும் அவர் சொன்னதே. இதற்குத் தேகசாஸ்திரம் இன்று காரணம் கூறுகிறது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்துள்ள மாப்பொருட் சத்து, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரம் வரையிலேதான் தாக்குப்பிடிக்கும். அது தீர்ந்தபின் பசியை உணர்ந்து உண்டால், உண்டது வேலை செய்யுமுன் கால்கள் துவண்டுவிடும். அதைவிட மோசம், புத்தியும் மந்தமாகிவிடும். பிரெஞ்சுக்காரர் ரொட்டியும் பழப்பாகும் கொண்டுபோவார்கள். நமக்கு வாழைப்பழமும் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் இருக்க, கடைச் சரக்கு எதற்கு? மரவள்ளிக்கிழங்கு அவியலும் நல்லது. கட்டிக்கொண்டு போவதுதான் சிரமம்.

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரவு எதற்கு?

இரவிலே ஆபத்து உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. பின்னிரவில், விடியலுக்குச் சற்று முன்னே, மனித தேகத்தின் சூடு மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்குகிறது. அந்நேரத்தில் நித்திரை கண்ணைச் சொருகும். வெக்கை நாட்டிலும் குளிர் எடுக்கும். 20 கிலோமீற்றர் வேகத்திலே செல்பவன் மூன்று விநாடி கண்மூடினால், பதினாறு மீற்றருக்கு மேல் குருடனாகச் செல்கிறான். பகலில் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் சென்றால் காற்றின் எதிர்ப்புக் குறைந்து பின்னால் வருபவருக்கு வேலை மிச்சமாகும். இரவிலோ அந்த நெருக்கமே வினையாகும். முன்னே தெரியும் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வருபவனைத் தூக்கம் எளிதில் மயக்கிவிடும். ஆகையால் இரவில் இடைவெளி வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். ஒளிபட்டு மின்னும் மேலங்கி வேண்டும். பிரான்சிலே இவை இல்லாமல் இரவில் ஓட விடமாட்டார்கள்.

ஆனால் விளக்கைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்றுண்டு. அது பேச்சு. தனியே செல்பவன் தூங்குவதை அவனே அறியமாட்டான். ஐவராகச் செல்லும்போது, சற்றுமுன் வரை பகடி பேசிக்கொண்டு வந்தவன் வாயடைத்துப் போனால் மற்றவர்கள் அறிந்துகொள்வார்கள். உடனே வெளிச்சமான ஒரு திண்ணையைப் பார்த்து, கால் மணி நேரம் அவனைப் படுக்கவைத்து எழுப்பினால், அவன் வேறு மனிதனாக எழும்புவான். இரவையும் சேர்த்துத்தான் இந்த ஓட்டம் என்று அவர்கள் வைத்திருப்பதன் காரணம் இதுவே என்பது என் எண்ணம். பகலிலே ஐந்து பேர் சேர்ந்து ஓடுவது ஊர்வலம். ஒருவன் இன்னொருவனைக் கவனிக்கவேண்டிய அவசியம் இரவிலேதான் வருகிறது.

தனிவீரர்களை நான் குறைவாக மதிக்கவில்லை. அவுஸ்திரேலியரான ஹியூபெர்ட் ஒப்பர்மன், 1928இல் பாரிஸ் நகரிலே நடைபெற்ற இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில், எவரோ தம் வண்டிச் சங்கிலிகளை அராவி வைத்ததனால் அவை அறுந்துபோக, வேறொருவருடைய வண்டியை வாங்கி ஓடியும் வெற்றி பெற்றார். 1931இல் ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் கொண்ட பாரிஸ்–பிறெஸ்ற்–பாரிஸ் பந்தயத்தை 49 மணி 23 நிமிஷத்தில் வென்றார். அந்த மகாவீரரின் பெயராலே அவுஸ்திரேலியாவில் இன்று நடைபெறும் இருபத்துநான்கு மணிநேர ஓட்டமும் குழுக்களாக ஓடும் அம்பு ஓட்டந்தான்.

விதிகளில் மிகவும் முக்கியமானதை வேண்டுமென்றே பிந்திச் சொல்கிறேன். குறைந்தது மூன்று வண்டிகள் ஒன்றாக இலக்கை அடையவேண்டும். ஒருவன் எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தாலும் பயனில்லை. சிங்கம்போல இருவர் வந்தாலும் பயனில்லை. மூன்றாமவன் வரும் நேரமே குழு வந்த நேரம்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் மூவராகவே போவோம், ஒழுங்கு படுத்துவது சுலபம்" என்று வாலிபர்களுக்குத் தோன்றும். அது வேண்டாம் என்பேன். மூவராகப் போனால் ஒருவன் விழுந்தால் எல்லாம் போயிற்று. அதை அறிந்த பையன் முழங்கால் நொந்தாலும் சொல்லமாட்டான்; வயிற்றைப் பிரட்டினாலும் சொல்லமாட்டான். மற்ற இருவருடைய உழைப்பைக் கெடுக்கக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பான். அவனுடைய நல்ல குணமே அவனுக்குச் சத்துருவாகும். ஐவராகப் போனாலோ அவன் வெட்கமின்றி நிற்கலாம்.

இங்கே ஐந்து என்ற எண்ணை நான் வேறொரு விதமாகக் கணக்கிடுகிறேன். ஒருவனுக்கு இயலாமற் போகிறது. நடுநிசியிலே அவனைத் தெருவோரத்தில் விட்டுவிட்டுப் போகலாமா? விதிப் புத்தகம் தடுக்காது; மனிதர் செய்யத்தக்கதன்று. வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்திலே அவனைச் சேர்த்து, ஒருவன் துணையிருக்கவேண்டும். ஒருவன் இயலாதவன், ஒருவன் துணை, மிச்சம் மூவர். மூவர் சென்றடைந்தால் குழு சென்றடைந்ததாகக் கணக்கு. துணையிருந்தவன் ஓடாத தூரமும் அந்தக் கணக்கிலே சேர்ந்ததுதான். ஆனால் யார் துணையிருப்பது என்பதைப் புறப்படுமுன் பேசிவைத்துக்கொள்ளவேண்டும். இரவு இரண்டு மணிக்கு, களைத்த ஐந்து பேர் அதைத் தீர்மானிக்க முற்பட்டால், மிகவும் சாதுவானவன் தலையிலேதான் அது விழும்.

ஆகவே என் அபிப்பிராயம், அநுமதி கொடுக்கலாம் என்பதே. முதல் ஆண்டிலே 360 வேண்டாம். பழகும்வரை 200 போதும். பெரியோர்களுக்கும் இதிலே வேலை உண்டு. இவ்வோட்டத்தில் மோட்டார் வண்டி பின்தொடரக்கூடாது. உதவி செய்வோர் முத்திரையிடும் இடங்களிலேதான் நிற்கலாம். அங்கே ஒரு விளக்கோடும் சுடுதண்ணீர்ப் போத்தலோடும் இருந்து, அட்டையில் ஒப்பமிடும்போது பையனுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். கண் சிவந்திருக்கிறதா, கேட்டதற்கு ஒழுங்காக மறுமொழி சொல்கிறானா என்று பார்த்து, இல்லையென்றால் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவேண்டும். வாலிபர்கள் இதை ஒப்புக்கொண்டே புறப்படவேண்டும்.

இன்னொன்று. ஓட்டம் முடிந்தபின்பே ஆபத்து அதிகம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருந்தவன், இலக்கை அடைந்த மகிழ்ச்சியிலே தானே வண்டியோட்டி வீடு திரும்பப் பார்ப்பான். அதை விடக்கூடாது. முடிவிடத்திலே படுக்கப் பாயும், குளிக்கக் கிணறும், ஒரு நேரச் சாப்பாடும் இருக்கவேண்டும். வண்டிகளையும் பையன்களையும் ஏற்றிவர ஒரு லொறி வேண்டும். அதை ஓட்டுபவர் முதல்நாள் இரவு நன்றாக நித்திரை கொண்டவராக இருக்கவேண்டும். லொறி தரக்கூடியவர் இரண்டு பேராவது இம்மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவர்களோடு பேசுகிறேன்.