வீக்கத்தின் அளவும் போக்கும்

ஆண்களுக்கு மார்பு பெருத்துப் போவதை மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். உடலில் ஈஸ்ட்ரோஜனுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இடையிலான சமநிலை மாறுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். விடலைப் பருவத்தில் வருவது பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். வடியாமல் தங்கிவிட்டால் அறுவை சிகிச்சை உண்டு. இது நேற்று வந்த நாகரிகமும் அல்ல. 7ஆம் நூற்றாண்டிலேயே ஏஜினா தீவைச் சேர்ந்த பவுல் என்ற கிரேக்க மருத்துவர் இந்த அறுவை முறையை எழுதி வைத்திருக்கிறார். இன்று சித்தூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ வேலூருக்கும் சென்னைக்கும் போய் இதைச் செய்துகொண்டு வருபவர், மூன்றாவது வாரம் மார்பைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது. "செலவு செய்ததெல்லாம் வீண்" என்று மனம் உடைந்து போகிறார். அந்த முடிவு அவசர முடிவு. இங்கே பார்க்க வேண்டியது வீக்கம் எவ்வளவு என்பதை விட, நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது என்பதையே.

ஏன் அப்படி? இந்த அறுவையில் பொதுவாக இரண்டு வேலை நடக்கிறது. மெல்லிய குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சுரப்பியை வெட்டி எடுக்கிறார்கள். வெளியே தெரியும் காயம் சிறியது. உள்ளே ஆறவேண்டிய பரப்பு பெரியது. நீரை வடிக்கும் நுண்ணிய நிணநீர்க் குழாய்களும் அறுபட்டிருப்பதால் முதல் நாட்களில் நீர் தேங்கி வீங்குகிறது. சில நாட்களில் உடல் அந்தக் காலியிடத்தை மூட கொலாஜன் என்ற நாரை நெய்யத் தொடங்குகிறது. முதலில் அவசரமாக, தாறுமாறாக நெய்கிறது. கைக்குக் கெட்டியாகத் தெரிவது அந்த நார்தான். பிறகு மாதக் கணக்கில் அதைக் கரைத்து, ஒழுங்குபடுத்தி, இளக வைக்கிறது. ஆகவே வீக்கம் வடிய வடியக் கெட்டி கூடுவது போலத் தோன்றுவது காயம் ஆறுவதன் ஒரு கட்டம். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் இது இளகுகிறது. தழும்பு முழுதாக முதிர ஓராண்டும் ஆகலாம்.

"எடுத்த சுரப்பியே திரும்ப வளர்ந்திருந்தால்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காம்பு பள்ளமாகிவிடாமல் இருக்க, அதன் அடியில் கொஞ்சம் திசுவை மருத்துவர்கள் வேண்டுமென்றே விட்டுவைப்பது வழக்கம். ஸ்டீராய்டு ஊசி போட்டு உடம்பை ஏற்றுபவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது மறுபடி பெருக்கலாம். ஆனால் அதற்கு மாதங்கள் வேண்டும். மூன்று வாரத்தில் அது நடக்காது. மெல்ல மெல்ல இளகுவது தழும்பு. இளகிய பிறகு புதிதாக வளர்வதுதான் சந்தேகத்துக்குரியது.

"அப்படியானால் எதற்கும் பேசாமல் காத்திருக்கலாமா?" கூடாது. போக்கைப் பார்க்கச் சொல்வதே இதற்காகத்தான். முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று உப்பி, தோல் விண்ணென்று இறுகி, வலி ஏறினால் உள்ளே ரத்தம் கசிந்து தேங்குகிறது என்று பொருள். அறுவையின்போது ரத்தப்போக்கைக் குறைக்கச் செலுத்திய அட்ரினலின் தன் வேகம் இழந்த பிறகும் இது தொடங்கலாம். ஓரிரு வாரத்தில், அழுத்தினால் தளும்பும் மென்மையான வீக்கம் வந்தால் அது நீர்க்கோப்பாக இருக்கலாம். மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல் சேர்ந்தால் கிருமித்தொற்று. அறுவை செய்த மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள். அவர் ஊர் தூரம் என்று விடியும்வரை காத்திருக்காமல், திருப்பதி ரூயா மருத்துவமனையோ சித்தூர் அரசு மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வீட்டு வைத்தியம் செய்யலாமே என்பார்கள். வெந்நீர் ஒத்தடம் இங்கே ஆபத்து: அறுவைக்குப் பின் தோல் பல வாரம் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. ஐஸை நேரே வைப்பதும் அப்படியே. எண்ணெய் தேய்த்து உருவுவதை மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். வீக்கத்தைக் கட்டுப்படுத்த அறுவைக்குப் பின் போடச் சொல்லும் இறுக்கப் பனியனைச் சித்தூர் வெயிலில் நாளெல்லாம் போட்டிருப்பது கடினம்தான். பொதுவாகச் சில வாரங்கள் தேவைப்படும். எத்தனை வாரம் என்பதில் மருத்துவர்களே வேறுபடுவதால், வியர்க்கிறது என்று நீங்களாகக் கழற்றாமல், மாற்றிப் போட இரண்டு பனியனாக வாங்கிக்கொண்டு அவரிடமே நாள் கேளுங்கள். நேர்ந்துகொண்டவர்கள் திருமலைக்குப் போகும் அலிபிரிப் பாதையின் 3,550 படிகளை ஏறுவதையும், ஜிம்முக்குத் திரும்புவதையும் அவர் சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி காட்டாத மாற்றத்தை அது காட்டும். ஆறு மாதமாகியும் இளகாத கட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் பார்ப்பார், தழும்பில் ஊசி போடுவார், மிகச் சிலருக்கு மறு அறுவையும் செய்வார். அதற்கு முன்பே மறு அறுவை கேட்டு நிற்பது, ஆறாத திசுவின் மேல் இன்னொரு காயத்தைச் சேர்ப்பதாகவே முடியும்.