கழிவுத் தேயிலையும் மறதி நோயும்

(கிளிநொச்சியில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தோட்டத்திலிருந்து வந்திருக்கும் எங்களுக்கு வன்னி அந்நிய மண் அல்ல. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையை விட்டு வந்து, இங்கே காடு வெட்டி வயல் செய்தவர்கள் நம் உறவுகள்தான்.

அன்று கொழுந்து கிள்ளிய பாட்டி இன்று பேரப்பிள்ளையின் பெயரை மறக்கிறார். தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது மூளையின் நரம்புக் கலங்கள் அழிவதால் வரும் அல்சைமர், பாகின்சன் நோயாகவும் இருக்கலாம்.

இதற்கு மருந்து நாம் வீசும் கழிவிலேயே இருக்கிறது என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெங்காயச் சருகு, மாம்பழத் தோல், கச்சான் பருப்பின் சிவப்புத் தோல், பாக்டரியில் ஒதுக்கும் தண்டும் நாருமான கழிவுத் தேயிலை எல்லாவற்றிலும் பொலிபீனோல் என்ற பொருள் உண்டு. தேத்தண்ணியின் துவர்ப்பு அதுதான். கொழுந்தைக் காயவைத்தால் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அதுவே. நரம்புக் கலங்களைக் கெடுக்கும் புரதக் கட்டிகள் உருவாவதை அது தடுப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் உடம்பு வேறு. குடல் அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். மூளைக்குப் போவது அதைவிடக் குறைவு. பாகின்சனைப் போன்ற, வேகமாக முற்றும் ஒரு நோய் கண்ட 92 பேரை வைத்து ஜெர்மனியில் பச்சைத் தேயிலைச் சாற்றைச் சோதித்தார்கள். முடிவு 2019இல் வந்தது. 48 வாரம் கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. சிலருக்கு ஈரல் பாதித்தது.

ஆகவே ஞாபகசக்தி மாத்திரைக்குச் சம்பளக் காசைக் கொடுக்காதீர்கள். தோலையும் சருகையும் காய்ச்சிக் குடிக்கவும் வேண்டாம். அடித்த மருந்து அதில்தான் தங்கியிருக்கும்.

அந்த மருந்தைப் பற்றித்தான் நாம் கூடுதலாகப் பேச வேண்டும். பரகுவாட் என்ற களைநாசினியைப் பாவித்தவர்களிடம் பாகின்சன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 2008இல் தொடங்கி 2011க்குள் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதற்கு முன் முதுகில் டாங்கி சுமந்து, வெறுங்கையோடு அடித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

கழிவிலிருந்து மருந்து வரும் நாளில் வரட்டும். அந்த இலாபத்தில் கொழுந்து கிள்ளியவரின் பங்கையும் கேட்போம். கையுறை, முகமூடி, பூட்ஸ், மருந்தடிப்பவர்களுக்கு வருடாந்த வைத்தியப் பரிசோதனை ஆகியவற்றை இன்றே கேட்கலாம். பிரஷரையும் சீனி வருத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தால் மறதி நோயின் ஆபத்தும் குறையும். கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் மருந்தடித்தவர் யார், எத்தனை வருடம் அடித்தார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் பேசப் போக வேண்டும்.