துன்பம் யார் குற்றத்தால் வருவது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடவுள் அன்புருவானவர் என்றும் எல்லாம் வல்லவர் என்றும் கிறிஸ்தவர்களாகிய நாம் அறிக்கை செய்கின்றோம். அங்ஙனமாயின், குற்றமற்றோர் துன்புற அவர் இடங்கொடுப்பதேன்? இவ்வினா நாத்திகர்க்கு மட்டும் உரியதன்று. பிள்ளையை அடக்கம் செய்து திரும்பும் தாயின் வினாவும் இதுவே. ஆதலின், வாதத்தில் வெல்லுதற்பொருட்டன்றி, துக்க வீட்டிற்குச் செல்லும் நாம் அங்கே என் சொல்வது, என் செய்வது என்பதை அறிதற்பொருட்டே இதனை ஆராயப் புகுகின்றோம்.

நம்மிற் பலர்க்கு ஓர் எளிய விடை கைவசமிருக்கின்றது. "என்ன பாவம் செய்தார்களோ!" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகின்றோம். இஃது இன்று தோன்றிய பேச்சன்று. ஒரே நாளில் ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் இழந்த யோபுவைக் காண அவன் சிநேகிதர் மூவர் வந்தனர். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையிலே வாய் பேசாதிருந்தனர். அம்மட்டில் அவர்கள் செய்தது நன்றே. பின்னர் வாய் திறந்து, அவன் பாவமே காரணமெனச் சாதிக்கத் தொடங்கினர். முடிவில் கடவுள் கோபித்தது யோபுவின்மீதன்று. அச்சிநேகிதர் மீதே என்று வேதம் கூறுகின்றது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்ட செய்தியை எடுத்துக் கூறிய இயேசுவும், அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றையோரினும் கொடிய குற்றவாளிகளல்லர் என்றே தெளிவுபடுத்தினார்.

இங்ஙனமிருந்தும் அப்பேச்சு ஒழியவில்லை. 1755-ம் வருடம் நவம்பர் மாதம் 1-ந் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று காலையில், போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. கோயில்களில் வழிபட்டுக்கொண்டிருந்தோர் மீது கூரைகள் சரிந்தன, கடல் பொங்கியது, பின்னர் நெருப்புப் பல நாள் எரிந்தது. மலகிரிடா என்னும் குரு 1756-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, இதற்குக் காரணம் இயற்கையன்று, நகரத்தாரின் பாவமே என்றார். பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்ற மந்திரியோ, நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் மாண்டனர், சேதம் யாது என ஊர்தோறும் வினாக்கள் அனுப்பி விடை பெற்றார். நிலநடுக்க ஆராய்ச்சிக்கு அவ்விடைகள் இன்றும் பயன்படுகின்றன.

நம் நாட்டிலும் 2004-ம் வருடம் டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமையன்று, சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பெயர்ந்தமையால் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தது. வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். மீனவர் குப்பங்களில் குழந்தைகள் மாண்டனர். அக்குழந்தைகள் செய்த பாவம் யாது? அன்று இந்துமகா சமுத்திரத்திற்கு எச்சரிக்கை நிலையம் இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் அஃது அமைந்தது. கடவுளைக் குறித்து நாம் கேட்ட வினாவில் மனிதர் செய்யாது விட்ட கடமைக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

ஞானிகள் வேறு விடைகளும் தந்துளர். அன்பு செய்ய உரிமை தந்த கடவுள் தீமை செய்யும் உரிமையையும் விட்டுவைத்தார் என்பர் சிலர். துன்பம் ஆன்மாவைப் புடமிடுகின்றது என்பர் சிலர். இவற்றில் உண்மையுண்டு. எனினும், அலையில் மாண்ட குழந்தைக்கு முன்னர் இவ்விரண்டும் முழு விடையாகா என்று ஒப்புக்கொள்ளுதல் அவிசுவாசமன்று. யோபுவுக்கும் கடவுள் காரணம் சொல்லவில்லை, தம்மையே காட்டினார்.

கிறிஸ்து மார்க்கத்தின் சிறப்பும் அதுவே. நம் கடவுள் துன்பத்திற்கு அப்பால் நின்று அதனை விளக்குபவரல்லர். அதனுள் இறங்கி வந்தவர். லாசருவை எழுப்பப்போவதை அறிந்தும் இயேசு அவன் சகோதரிகளின் துயர் கண்டு கண்ணீர் விட்டார். சிலுவையில் தொங்கியபோது, தம்மைக் கைவிட்டதேன் என்று அவரும் பிதாவை வினவினார். ஆதலின் துக்கத்தில் "ஏன்?" என்று கதறுவோரை நாம் கடிந்துகொள்ளலாகாது. அச்சொல் நம் இரட்சகர் நாவிலும் இருந்தது. அவர் உயிர்த்தெழுந்தமையால், மரணம் கடைசிச் சொல்லன்று என்று நம்புகின்றோம்.

அன்பர்களே! இனித் துக்க வீட்டிற்குச் செல்லுங்கால் பாவக் கணக்கை வாயிலிலேயே விட்டுச் செல்வோமாக. யோபுவின் சிநேகிதர் முதல் ஏழு நாள் இருந்ததுபோல் உடனிருப்போம். கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம். விதவைக்கு வரவேண்டிய பணத்திற்கு மனு எழுதிக் கொடுப்போம். தந்தையற்ற பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்போம். கடவுள் ஏன் அனுமதித்தார் என்பதன் முழு விடையை நாம் மறுமையிற் காண்போம். அவர் அங்கே இருக்கின்றார் என்பதைத் துயருறுவோர் இன்றே காண்பது நம் கைகளின் மூலமாகவன்றோ?