சொல்லாமல் எடுத்தது, சொல்லாமல் விட்டது

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் விஞ்ஞானி இல்லை. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவி, தராசு துடைத்து ஓய்வு பெற்றவன். முப்பது வருசம் விஞ்ஞானத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன், உள்ளே கூப்பிடத்தான் ஆள் இல்லை. விஞ்ஞானத்துக்கு நிறம் கிடையாது, பிறப்பு கிடையாது என்று அங்கே தினமும் பாடம் நடக்கும். அதைக் கேட்டுக்கொண்டே குழாய் கழுவுவேன். இன்றைக்கு அந்தப் பாடத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெயரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் புகையிலைக் காட்டில் பாடுபட்டு வளர்ந்த கறுப்பினப் பெண், அஞ்சு பிள்ளைக்குத் தாய். 1951 தொடக்கத்தில் கர்ப்பப்பை வாயில் கட்டி என்று பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். ஏழைக் கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்ட சில இடங்களில் அதுவும் ஒன்று. சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் தனி வார்டு. நம்ம ஊர் தனி டம்ளர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரேடியம் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அப்போது கட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். அதை அவரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மனித செல்லை உடம்புக்கு வெளியே நிரந்தரமாக வளர்க்க அதுவரை யாராலும் முடியவில்லை. சில நாளிலேயே செத்துப்போகும். இந்த செல் சாகவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை இரட்டித்தது. ஜார்ஜ் கை என்ற ஆராய்ச்சியாளர் அதை வளர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்று பெயர் வைத்தார்கள். ஹென்ரியட்டா அதே 1951 அக்டோபர் 4ஆம் தேதி செத்துப்போனார். வயசு 31. புதைத்த இடத்தில் ஒரு கல்லுகூட இல்லை. 2010இல்தான் கல் வந்தது.

இதில் ஒரு விசயம் கவனியுங்கள். வார்டில் அந்த உடம்பு கறுப்பு உடம்பு. சோதனைக் குழாயில் போட்டதும் அது 'மனித செல்'! வெள்ளைக்காரனுக்கும் பொருந்தும், உலகத்துக்கே பொருந்தும். வார்டில் இருந்த தீட்டு குழாயில் இல்லை. உடம்பு தேவைப்படும்போது பேதம் மறைந்துவிடுகிறது. பெயர் போட, காசு கொடுக்க என்று வரும்போது மட்டும் திரும்பி வருகிறது. பெயரைக்கூட 'ஹெலன் லேன்' என்று மாற்றித்தான் ரொம்ப காலம் எழுதினார்கள்.

போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க இந்த செல் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. 1953இல் டஸ்கிகீ என்ற கறுப்பர் கல்வி நிறுவனத்தில் அதை வளர்க்கும் கூடம் அமைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களும் கறுப்பின விஞ்ஞானிகள்தான். அதே டஸ்கிகீயில் அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. மேகப்புண் நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமல், நோய் என்ன செய்கிறது என்று அரசாங்கமே 1932லிருந்து 1972 வரை பார்த்துக்கொண்டிருந்தது. பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஒரே ஊரில் ரெண்டும் நடந்திருக்கிறது. இதற்கு நான் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை.

லாக்ஸ் குடும்பத்துக்கு விசயம் தெரிய இருபது வருசத்துக்கு மேல் ஆனது. 1973வாக்கில் ஆராய்ச்சிக்காரர்கள் ரத்தம் எடுக்க வந்தார்கள். தங்களுக்கும் புற்றுநோய் இருக்கா என்று பார்க்கிறார்கள் என்று குடும்பம் நம்பியது. அம்மாவின் செல்லைக் கம்பெனிகள் விற்றுக்கொண்டிருந்தன, பிள்ளைகளில் சிலருக்கு மருத்துவக் காப்பீடுகூட கிடையாது. 2013இல் அந்தச் செல்லின் மரபணு வரிசை முழுவதையும் கேட்காமலே வெளியிட்டார்கள். குடும்பம் சண்டை போட்ட பிறகுதான், யார் அதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவில் குடும்பத்தார் ரெண்டு பேருக்கு இடம் கிடைத்தது. தெர்மோ ஃபிஷர் கம்பெனி மேல் போட்ட வழக்கு 2023இல் சமரசமானது. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை.

உடம்பு போகட்டும், கையைப் பார்ப்போம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப் குறைக்கடத்தியால் ஆனது. ஃபேர்சைல்ட் என்ற கம்பெனி 1965இல் நியூமெக்சிகோவில் ஷிப்ராக் என்ற ஊரில், நவஹோ பூர்வகுடிகளின் நிலத்தில், தொழிற்சாலை திறந்தது. கூலி குறைவு. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். 1969இல் கம்பெனி போட்ட பிரசுரத்தில் அவர்கள் நெய்யும் கம்பளத்தின் கோலமும் சிப்பின் கோலமும் பக்கம் பக்கமாக இருந்தன. நெசவு அவர்கள் ரத்தத்தில் ஊறியது, ஆகவே இந்த வேலையும் தானாகவே வரும் என்பது அதன் பொருள். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்ம ஊரில் அதற்குக் குலத்தொழில் என்று பேர். பிறவித் திறமை என்று சொல்லிவிட்டால் கற்ற திறமைக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்க வேண்டாம், மேலே ஏற்றவும் வேண்டாம். 1975இல் 140 பேரை வெளியே அனுப்பியதும் அமெரிக்க இந்தியர் இயக்கம் தொழிற்சாலையைக் கைப்பற்றி ஒரு வாரம் உட்கார்ந்தது. கம்பெனி கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.

அந்தச் சிப்பின் பேரப்பிள்ளைகள் மேல்தான் இன்றைக்கு நரம்பு வலைப்பின்னல் என்கிற செயற்கை அறிவு ஓடுகிறது. படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கினால் அது முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும். ஜாய் புவோலாம்வினி என்ற கறுப்பின மாணவியின் முகத்தை ஒரு மென்பொருள் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி போட்டதும் கண்டுகொண்டது. அவர் கோபத்தோடு நிற்காமல் எண்ணத் தொடங்கினார். அவரும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் மூன்று கம்பெனிகளின் மென்பொருளைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு நூற்றுக்கு 0.8. கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. கணக்கை வெளியிட்டதும் கம்பெனிகள் ஓடிப்போய்த் திருத்தின. மனு கொடுத்திருந்தால் இந்த வேகம் வந்திருக்குமா?

கணக்கு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 1956இல் தியோடர் பக், ஃபிலிப் மார்கஸ் என்ற ரெண்டு பேர் அதே ஹீலா செல் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, எவ்வளவு கொடுத்தால் எத்தனை செல் பிழைக்கிறது என்று எண்ணினார்கள். இத்தனை செல் சாகும் என்று எண்ணிக்கையாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் இருப்பதில் ஒரு பங்குதான் சாகும். அந்தப் பங்கு பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல். முப்பது தடவை பாதியாக்கினால் சராசரி ஒரு செல் மிஞ்சும். ஒருத்தருக்கு ஒன்றும் மிஞ்சாது, இன்னொருத்தருக்கு ரெண்டு மிஞ்சும். ஒன்றுகூட மிஞ்சாதவர் நூற்றுக்கு 40 பேர் அளவில். 33 தடவை என்றால் ஏறத்தாழ 90 பேர். 27 தடவையோடு நிறுத்தினால் ஆயிரத்தில் ஒருத்தர்கூடத் தேறமாட்டார். நிஜத்தில் செல் இடையில் வளரும், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்: எல்லாம் முடிவது கடைசி நாட்களில்.

எங்க சின்னம்மாவுக்கும் அதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான். கரண்ட் வைத்தார்கள். பாதியிலேயே ரத்தம் நின்றது, வலி போனது. "அதான் நின்னுடுச்சே, பிறகு எதுக்குப் பஸ் காசு?" என்று களையெடுக்கப் போய்விட்டது. கடைசி சில தடவைக்குப் போகவில்லை. ஏன் வரணும் என்று அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. "வரணும்னா வரணும்" என்றார்களாம். சொன்னால் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு. வட்டிக்காரனிடம் வட்டிக்கு வட்டி மனக்கணக்காகப் போட்டவள் அவள். பாதியில் பாதி புரியாதா?

ரெண்டு வருசத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்கள் தப்பியதால்தான் செத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். நிகழ்தகவு தனியாள் விசயத்தில் அப்படித் தீர்ப்பு சொல்லாது. முழுசாகப் போயிருந்தாலும் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அது தெரிந்து அவளே முடிவெடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை இப்போது கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். சாக்பீஸ் யாரிடம் இருக்கு?