விடுபட்ட எண்ணும் விடுபட்ட அடியும்

(மத்திகிரியில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கில் கணக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். சீரையும் அடியையும் எண்ணியே வெண்பா யாக்கும் நமக்கு எண் அயலன்று. இன்று பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை உங்கள்முன் வைக்கிறேன்: 293318625600.

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் வகுத்திகள். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இவ்வாறு தன்னிற் சிறியவை அனைத்தையும் வகுத்திகளால் விஞ்சும் எண்ணை 'மிகு பகு எண்' எனலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு திங்கள், நாளுக்கு அறுபது நாழிகை என்னும் நம் அளவைகளிலும் இத்தகைய எண்களே அமைந்துள்ளன. பலவாறு பங்கிட இசைவதே அவற்றின் சிறப்பு.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் இவ்வெண்களுக்கு இலக்கணம் வகுத்தார். இவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என்ற வரிசையில் இடையே எதுவும் விடுபடாது. அவற்றின் அடுக்குகள் வரவரக் குறையுமேயன்றிக் கூடா. சமமாக நிற்பதும் உண்டு. 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாக, ஈற்றில் நிற்கும் பகா எண் ஒருமுறையே வரும். யாப்பிலக்கணம் போலவே இல்லையா?

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 6746328388800 வரை நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை அவர் பட்டியலிட்டார். அதில் ஒன்றே ஒன்று விடுபட்டது. அதுவே நான் முதலிற் சொன்ன எண். அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் பெருகி நிற்கின்றன. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 5040. அவ்வெண்ணை 23-ஆல் பெருக்குங்கள். பட்டியலின் இறுதி எண்ணே வந்து நிற்கும். வகுத்திகளும் இருமடங்காகி 10080 ஆகும்.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தவர் உ.வே. சாமிநாதையர். இராமானுஜன் அங்கு மாணவராய்ச் சேர்ந்தது 1904-இல். ஏடு முறிந்து அடி விடுபட்டால், தளையும் எதுகையும் அந்த இடைவெளியைப் பதிப்பாசிரியர்க்கு உணர்த்தும். ஆனால் போன அடி இன்னதென்று அவை சொல்லா. எண்ணின் நிலை வேறு. விடுபட்டதை, அவர் தந்த இலக்கணத்தைக் கொண்டே எவரும் எந்த நாட்டிலும் மீண்டும் கணக்கிட்டுப் பெறலாம்.

கழகத்தின் பொருள் முடையால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. கையெழுத்துப்படி காக்கப்பட்டதால், விளக்கக் குறிப்புகளுடன் 1997-இல் அது ஆய்விதழில் வெளிவந்தது.

நண்பர்களே, பத்தாண்டுகளாக ஓசூர் ஆலைகளில் முறைப்பணி முடித்து வந்து இங்கே கவிதை படித்தவர் பலர். அவர்தம் வரிகள் பல இன்னும் குறிப்பேடுகளில்தான் உள்ளன. அவற்றைத் தேடித் தொகுப்போம். விடுபட்ட எண் காத்திருக்கும். விடுபட்ட கவிதை காத்திராது.