ஒரு கிரகமும் இரு பெயர்களும்



இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடக்கூடியது. மாலையில் மேற்கே தெரியும் நட்சத்திரமும் விடியுமுன் கிழக்கே தெரியும் நட்சத்திரமும் ஒன்றே என்பதுதான் அவ்வாக்கியம். இரண்டும் சுக்கிரன் என்னும் கிரகமே என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்; ஆயினும், பல மாதங்கள் அந்திப் பொழுதில் ஒளிர்ந்துவிட்டு, சூரியனை நெருங்கிச் சில நாள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்து, பின்பு எதிர்த்திசையில் வைகறையில் உதிக்கிற ஒன்றை, முன்பு கண்டதுவே இது என்று துணிவதற்குப் பண்டை வானநூலார் எத்தனை பொறுமையோடு கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அது எளிதில் கிட்டிய ஞானமன்று என்பது விளங்கும்.

ஜெர்மனியில் ஜேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்துவந்த காட்லோப் ஃபிரெகே, 1892-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இந்த நட்சத்திரங்களைக் கொண்டு ஒரு சிக்கலை விளக்கினார். பெயரின் தொழில் ஒரு பொருளைச் சுட்டுவது மட்டுமே என்றால், ‘மாலை நட்சத்திரமே காலை நட்சத்திரம்’ என்பதும் ‘மாலை நட்சத்திரமே மாலை நட்சத்திரம்’ என்பதும் ஒன்றையே சொல்ல வேண்டும்; ஆனால், வானத்தை அண்ணாந்து பாராதவனும் பின்னதை ஒப்புக்கொள்வான், முன்னதை ஒப்புக்கொள்ளவோ சான்று கேட்பான். ஆகவே சுட்டப்படும் பொருள் வேறு, அப்பொருள் நமக்குக் காட்சி தரும் விதம் வேறு என்றும், அந்த விதமும் சொல்லின் அர்த்தத்தைச் சேர்ந்ததே என்றும் அவர் நிர்ணயித்தார்.

1905-இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதே சிக்கலுக்கு வேறு வழியில் வந்தார். குடியரசாகிவிட்ட பிரான்சில், ‘இன்றைய பிரெஞ்சு அரசர் வழுக்கைத் தலையர்’ என்று ஒருவர் சொன்னால், அதன் கதி என்ன? தலை வழுக்கையானோர் பட்டியலிலும் அவர் இல்லை, முடியுள்ளோர் பட்டியலிலும் இல்லை. எதிரெதிரானவற்றை இணைப்பதில் பிரியமுள்ள, தத்துவஞானி ஹெகலின் சீடர்களானால் அவர் பொய்முடி தரித்திருக்கிறார் என்று முடிவுகட்டியிருப்பர் என ரஸ்ஸல் பரிகசித்தார். (தத்துவக் கட்டுரையில் நகைச்சுவை அபூர்வமாகையால் இதை விட்டுவிட மனமில்லை.) அவர் தந்த விடை இது: அரசரைப் பற்றிய அவ்வாக்கியத்துக்குள், அத்தகைய ஓர் அரசர் உண்டு, ஒருவரே உண்டு, அவருக்கு வழுக்கை என மூன்று கூற்றுகள் மறைந்துள்ளன, முதலாவது பொய்யாதலால் முழுவதும் பொய். நாம் வழங்கும் பெயர்களும் இவ்வாறே சுருக்கப்பட்ட வர்ணனைகள் என்பது அவர் சித்தாந்தம்.

இச்சித்தாந்தத்தை அசைத்தவர் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி. 1970 ஜனவரியில், இருபத்தொன்பதே வயதில், கையில் குறிப்பேதுமின்றிப் பிரின்ஸ்டனில் அவர் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளில், அதே ஊரில் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த கணித மேதை கர்ட் கோடெலையே உதாரணமாக்கினார். கோடெலைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பது, எண்கணிதத்தின் முழுமையின்மையை நிரூபித்தவர் என்பது ஒன்றே. உண்மையில் அதை நிரூபித்தவர் ஷ்மிட் என்ற ஒருவர் என்றும், அவருடைய கையெழுத்துப் பிரதி எப்படியோ நண்பர் கோடெலின் கைக்கு வந்துவிட்டது என்றும் கற்பனை செய்துகொள்வோம். அப்படியானால் ‘கோடெல்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஷ்மிட்டையா சுட்டிவந்தோம்? இல்லை, கோடெலைப் பற்றித்தான் தவறாக நினைத்துவந்தோம். பெயர் பொருளைச் சென்றடைவது வர்ணனையின் பொருத்தத்தாலன்று. முதலில் பெயரிட்டவரிடமிருந்து ஒருவர்வாய் ஒருவராகத் தொடர்ந்துவரும் வழக்கினாலேயே என்பது கிரிப்கியின் கட்சி.

இதிலிருந்து அவர் கண்ட முடிவே இந்தத் துறையின் பெரும்பேறு என்பது என் எண்ணம். எது தவிர்க்கவியலாத உண்மையோ அது அனுபவத்தை எதிர்பாராமலே அறியத்தக்கது என்று தத்துவஞானி கான்ட்டின் காலத்திலிருந்து பலரும் கொண்டிருந்தனர். ஆனால் பெயர் வர்ணனையைச் சாராமல் பொருளையே சுட்டுமெனில், சுக்கிரன் ஒரே பொருளாயிருக்க, அது இரண்டாயிருந்திருக்கக்கூடும் என்பதற்கு இடமேது? மாலை நட்சத்திரமே காலை நட்சத்திரம் என்ற உண்மை எந்நிலையிலும் மாறாதது. ஆயினும், வானத்தைப் பார்த்தே அறியப்பட்டது. உண்மையின் தன்மை ஒன்று, நாம் அதை அறிந்த மார்க்கம் மற்றொன்று.

ஆனால் ஃபிரெகேயின் கேள்வி அப்படியே நிற்கிறது என்பதைக் கிரிப்கியே 1979-இல் காட்டினார். பியர் என்னும் பிரெஞ்சுக்காரன், ‘லோந்த்ர்’ அழகிய நகரம் என்று தன் ஊரிலிருந்தே கேள்விப்பட்டு நம்புகிறான். பிற்பாடு லண்டனில் ஓர் அழுக்கான பகுதியில் குடியேறி, அண்டை அயலாரிடம் ஆங்கிலம் பழகி, ‘லண்டன்’ அழகற்றது என்றும் நம்புகிறான். இரண்டும் ஒரே நகரம் என்பது அவனுக்குத் தெரியாது. லண்டன் அழகியது என்று பியர் நம்புகிறானா, இல்லையா? இதற்குக் கிரிப்கி விடை கூறவில்லை. காட்சி தரும் விதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற ஃபிரெகேயின் பக்கமே நான் சாய்கிறேன். அது சொல்லுக்கு உரியதா, சொல்பவன் உள்ளத்துக்கு உரியதா என்பதில்தான் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பியரைத் தர்க்கம் தவறியவன் என்று பழிப்பதற்கில்லை. தன் அறையில் அமர்ந்து எத்தனை காலம் சிந்தித்தாலும் அந்த முரண்பாட்டை அவனால் கண்டுகொள்ள முடியாது.