லீட்ஸ் நகரத்து லயத்து வீடு
(மேற்படிப்புக்குப் புறப்படும் பிள்ளைகளை வழியனுப்பும் கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் படித்த அனுபவத்தைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். பட்டம் வாங்கிய கதை வேண்டாம். குடியிருந்த வீட்டையும் உட்கார்ந்த வகுப்பையும் பற்றிச் சொல்கிறோம். நாங்கள் என்பது நான்கு தோட்டத்துப் பிள்ளைகள். மற்ற மூவர் சார்பிலும் பேசுகிறோம்.

2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இறங்கினோம். மாணவர் மிகுதியாக வாழும் ஹைட் பார்க் வட்டாரத்தில் நால்வரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்தோம். பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிவப்புச் செங்கல் வீடுகள், ஒரே கூரை, சுவரோடு சுவர். பின்சுவரும் அடுத்த வீட்டோடு பொது, ஆகவே கொல்லை வாசலே கிடையாது. தொழிலாளர் குடும்பங்களுக்கென்று இவ்வகை வீடுகளை அந்நகரில் 1937 வரை கட்டினார்களாம். பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து போய் மீண்டும் ஒரு லயத்தில்தான் குடியேறினோம்!

முன்பணமாக ஐந்து வார வாடகை கொடுத்தோம். ஆளுக்கு 450 பவுன். நம் நாட்டில் அவ்வாண்டு நிர்ணயமான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட் அல்லவா? அதில் ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம் அது. வீட்டுக்காரர் நீட்டிய காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். எங்களில் ஒருவர் மட்டும் முதல் நாளே அறை அறையாகக் கைப்பேசியில் படம் பிடித்தார். அவரைக் கேலி செய்தோம்.

முதல் வாரம் வற்றல் மிளகாய் தாளித்தோம். புகை மணி அலறி, வீடே வாசலுக்கு ஓடியது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். அவ்வாண்டு எரிவாயு விலை ஏறியிருந்ததால் சூடேற்றும் கருவியை அணைத்துவிட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடந்தோம். ஈரத் துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டோம். சுவரில் கரும்பூஞ்சை படர்ந்தது. அதில் எங்கள் தவறும் உண்டு.

வகுப்பு வேறு விதம். பெரிய மண்டபத்தில் விரிவுரை கேட்பது எளிது. பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து விவாதிக்கும் வகுப்புத்தான் எங்களை வாட்டியது. நாம் வளர்ந்த முறை எப்படி? பெரட்டில் பேர் கூப்பிட்டால் 'ஐயா' என்போம். அதற்கு மேல் வாய் திறப்பது மரியாதையன்று. (கிராணிமார் கோபிக்கக் கூடாது!) அங்கோ பேசாதவன் பாடம் படிக்காதவன் என்று கருதப்படுகிறான். ஆறு வாரம் ஊமையாக உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் துண்டுக்கூலியைப் பற்றிப் பாடம். எடைக்கு ஏற்ற கூலி கொடுத்தால் உழைப்பு கூடும் என்றது புத்தகம். பால்வெட்டும் தாயின் மகன் ஒருவர் எங்களில் இருந்தார். அவர் நடுங்கும் குரலில், "மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, இலையுதிரும் மாதங்களில் பால் குறையும். அப்போது யார் உழைப்பைக் கூட்டுவது?" என்று கேட்டுவிட்டார். வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர், "இதையே கட்டுரையாக எழுது" என்றார். அந்த இரவு எங்கள் வீட்டில் கோழிக்கறி.

வாய் திறந்த பிறகுதான் வழியும் தெரிந்தது. ஆண்டு முடிவில் பூஞ்சைக்காக முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொள்வதாக வீட்டுக்காரர் எழுதினார். முந்தைய நாங்களாயிருந்தால் விதியென்று ஊர் திரும்பியிருப்போம். இம்முறை மாணவர் சங்கத்தின் ஆலோசனை அறைக்குப் போனோம். ஆம் தோழர்களே, அங்கும் சங்கம்தான். 2007 முதல் அந்நாட்டில் முன்பணத்தை அரசு ஏற்ற காப்புத் திட்டத்தில் வைக்கவேண்டும். அங்கே வழக்கைச் செலவின்றித் தீர்ப்பார்கள். சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர் என்று சொல்லித் தந்தார்கள். கேலி செய்த அந்தப் படங்களை அனுப்பினோம். அலமாரிக்குப் பின்னால் முதல் நாளே கரும்புள்ளி இருந்தது படத்தில் தெளிவாய்த் தெரிந்தது. கம்பளத்துக்கென்று ஒரு சிறு தொகை போக, மீதி வந்து சேர்ந்தது.

இந்தச் செப்டம்பரில் புறப்படும் இரு தங்கைகளும் வாடகைத் தாளைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள். கையெழுத்து இன்னும் போடவில்லை. தேநீருக்குப் பிறகு வரிவரியாகப் படிப்போம். பெற்றோரும் கூட உட்காருங்கள்.